கந்தப்பளையில் மின்சார எஸ்.யு.வி. ஓடுமா? மலையைவிட மீட்டர்தான் முக்கியம்

கிட்டத்தட்ட 5 வருடம் மூடிக்கிடந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகு நுவரெலியா, இராகலைப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழுகிறது. குடும்பத்துக்கு ஒரு எஸ்.யு.வி. எடுப்பதென்றால் மின்சாரமா, பெற்றோலா?

இணையத்தில் இதற்குப் பதில் நிறையவே கிடைக்கிறது. பெரும்பாலும் அது கொழும்பில் வீடு உள்ளவருக்கோ சென்னையில் ஓட்டுபவருக்கோ சொன்ன பதில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், மரக்கறி லொறிகளுக்கு இடையில், மூடுபனியில் ஓட்டுபவருக்கு அது அப்படியே பொருந்தாது. முன்பு நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலை வரை குறுகிய பாதை ரயில் ஓடியது. 1940களில் அது மூடப்பட்ட பிறகு இந்த ஊருக்கு எல்லாமே வீதிதான். வாகனம் பிழைத்தால் பிள்ளையின் பாடசாலையும் அம்மாவின் கிளினிக்கும் சேர்ந்து பிழைக்கும்.

எனக்கு இந்தக் கேள்வி வீட்டிலிருந்தே வந்தது. அக்கா கந்தப்பளை டவுனுக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார். மச்சானின் அண்ணன் குடும்பம் 3 கிலோமீற்றர் தள்ளி, தோட்டத்து லயத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தோடு இரண்டு வீடும் வாகனம் பார்க்கின்றன. ஓட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் நுவரெலியா போய்வர 25 கிலோமீற்றர், மாதத்தில் இரண்டொரு தடவை கண்டி, எப்போதாவது கட்டுநாயக்க. அவர்களுக்காகப் போட்ட கணக்கை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மலை ஏறுமா?

முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். மின்சார வாகனம் றம்பொடை ஏறுமா, பாதி வழியில் நின்றுவிடுமா?

கண்டியிலிருந்து கந்தப்பளைக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர். உயர வித்தியாசம் 1,400 மீற்றர் அளவில். வாகனமும் ஐந்து பேரும் சாமானும் சேர்த்து 2,000 கிலோ என்று வைப்போம். அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் 7.6 அலகு மின்சாரம் வேண்டும். மின்சார சபை பில்லில் வரும் அதே அலகுதான் இது. மோட்டாரில் வீணாகும் பங்கையும் சேர்த்தால் 8.5 அலகு. சமதரையில் 90 கிலோமீற்றர் ஓட 13.5 அலகு போகும். இரண்டையும் கூட்டினால் 22 அலகு.

இன்று விற்கப்படும் குடும்ப அளவு மின்சார எஸ்.யு.வி.களில் 50 அலகு அல்லது அதற்கு மேல் கொள்ளும் பற்றரி இருக்கிறது. ஆகவே கண்டியிலிருந்து வீடு வந்து சேர அதில் பாதிகூடத் தேவையில்லை. இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஏறச் செலவான சக்தியில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். 60 வீதம் திரும்புகிறது என்று எடுத்தால், கண்டிக்கு இறங்க 9 அலகு போதும். போய்வர மொத்தம் 31 அலகு. கண்டியில் சார்ஜ் போடாமலே திரும்பலாம்.

கட்டுநாயக்க கதை வேறு. போக 22 அலகு, திரும்பி ஏற 40 அலகு என்று வருகிறது. 50 அலகு பற்றரிக்கு கீழே எங்காவது ஒரு முறை வேக சார்ஜ் கட்டாயம். விமானம் தாமதமாகி நள்ளிரவில் திரும்பும் குடும்பம் இதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படியும் நாட்கள் உண்டு. குளிரில் பற்றரி கொஞ்சம் சோம்பல் படும், ஹீட்டரும் மின்சாரம் எடுக்கும். மேலே சொன்ன கணக்கில் பத்திலொரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் கண்டிப் பயணம் தாங்கும்.

உயரத்தில் சிரமப்படுவது உண்மையில் பெற்றோல் எஞ்சின்தான். 1,900 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கொழும்பில் துள்ளி ஓடும் சிறிய எஞ்சின் ஐந்து பேரோடு நம் ஏற்றத்தில் கியரை மாற்றி மாற்றித் திணறுவதன் காரணம் இதுதான். டர்போ உள்ள எஞ்சினில் இந்தக் குறை பெரும்பாலும் சரிசெய்யப்படும். மின்சார மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை.

இறங்கும்போது கவனம்

நம் வீதிகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். றம்பொடையிலும் நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ரதல்ல வீதியில் 2023 ஜனவரியில் பாடசாலை மாணவர்கள் வந்த பஸ் வேனுடன் மோதி 7 பேர் இறந்ததை மலையகம் மறக்கவில்லை. பெற்றோல் வாகனத்தில் குறைந்த கியரில் இறங்க வேண்டும். மின்சார வாகனத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் கட்டைக்கு வேலை குறைவு.

ஆனால் மேலே வசிப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 வீதம் நிரப்பிவிட்டுக் காலையில் கந்தப்பளையிலிருந்து இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தைப் போட்டுவைக்கப் பற்றரியில் இடம் இருக்காது. அப்போது மோட்டாரின் பிடிப்பு குறைந்து, எல்லாச் சுமையும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். ஆகவே இங்கே 80, 85 வீதத்தோடு சார்ஜை நிறுத்துவதே நல்லது. பெரும்பாலான வாகனங்களில் இதைத் திரையிலேயே அமைத்து வைக்கலாம். 85 வீதம் என்றால் 42 அலகு. கண்டி போய்வர அது போதும்.

ஹைபிரிட் வாகனத்திலும் இந்தப் பிடிப்பு உண்டு. ஆனால் அதன் பற்றரி மிகச் சிறியது. நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும், பிறகு எஞ்சின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

மாதச் செலவு

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் கணக்குப் போடும் முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பெற்றோல் லீற்றர் 300 ரூபா, மலை வீதியில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 30 ரூபா. ஹைபிரிட் லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடினால் 19 ரூபா. மின்சாரத்தில், சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்து, ஓர் அலகுக்கு 5 கிலோமீற்றர் என்றும் அலகு 50 ரூபா என்றும் எடுத்தால் 10 ரூபா.

மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக்குப் பெற்றோல் 30,000, ஹைபிரிட் 19,000, மின்சாரம் 10,000. பெற்றோலோடு ஒப்பிட்டால் மாதம் 20,000 மிச்சம். 5 வருடத்தில் 12 இலட்சம். அதாவது மின்சார வாகனத்தின் விலை பெற்றோல் வாகனத்தைவிட 12 இலட்சத்துக்குள் கூடுதலாக இருந்தால் 5 வருடத்தில் சரியாகிவிடும். 30 இலட்சம் கூடுதல் என்றால் இந்த ஓட்டத்துக்கு அது லாபமில்லை. வியாபாரத்துக்காக மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடுபவருக்கு அதே 30 இலட்சமும் 5 வருடத்தில் திரும்பிவிடும். லீசிங் வட்டியையும் இதே கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு மின் கட்டணத்தின் படிமுறை. மாதம் 200 அலகு புதிதாகக் கூடும்போது அவை வீட்டு பில்லின் உயர்ந்த படியில் போய் உட்காரும். நேரத்துக்கேற்ற கட்டண முறையில் இரவு 10.30 இலிருந்து விடியற்காலை 5.30 வரை அலகு விலை குறைவு, மாலை 6.30 இலிருந்து 10.30 வரை அதிகம். உங்கள் வகை இணைப்புக்கு அந்த முறை கிடைக்குமா என்று மின்சார சபைப் பிரதேச அலுவலகத்தில் வாகனம் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

வாகனம் எங்கே நிற்கும், மீட்டர் யாருடையது?

இதுவரை போட்ட கணக்கெல்லாம் மின்சார வாகனத்துக்கே சாதகமாக இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஓட்டம் ஒன்றுதான், ஏற்றமும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் என்னால் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. வாகனம் இரவில் எங்கே நிற்கும், அங்கே யாருடைய மின்சாரம் இருக்கிறது என்ற கேள்வியில்தான் இரண்டு வீடும் பிரிகின்றன.

அக்கா வீட்டில் கூரை போட்ட தரிப்பிடம் இருக்கிறது. மீட்டர் அவர்கள் பெயரில். சாதாரண 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. அதில் முழு வீட்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது கிட்டத்தட்ட 7 கிலோவாட். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜர் அது அத்தனையையும் தானே கேட்கும். சுடுநீர் ஹீட்டர் போட்ட உடனே டிரிப் ஆகும். ஆனால் அக்காவுக்கு அந்தச் சார்ஜர் தேவையே இல்லை. 10 அம்பியரில் சாதாரணமாகச் சார்ஜ் போட்டாலும் மணிக்கு 2.3 அலகு ஏறும். இரவு 10.30 இலிருந்து 5.30 வரை 7 மணி நேரத்தில் 16 அலகு, அதாவது 80 கிலோமீற்றர். தினசரி 25 கிலோமீற்றருக்கு இரண்டரை மணி நேரமே போதும். தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் போட்டால் சரி.

லயத்தில் நிலைமை வேறு. வாகனம் நிற்பது தோட்டப் பாதையோரத்தில். அங்கிருந்து வீட்டுக்குப் படியேற வேண்டும். வரிசையாக ஒட்டிய வீடுகளுக்குப் பழைய வயரிங். 10 அம்பியர் சுமையை 7 மணி நேரம் தொடர்ந்து தாங்குமா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். லயன்களில் தீப்பிடித்த செய்திகளும், மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்ற வரியும் நமக்குப் பழக்கமானவை. எக்ஸ்டென்ஷன் வயரை மழையிலும் பனியிலும் பாதைவரை இழுத்துச் சார்ஜ் போடுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. அங்கே தீப்பிடித்தால் எரிவது ஒரு வீடு மட்டுமல்ல.

சரி, பாதையோரத்தில் ஒரு சார்ஜிங் தூண் நட்டால்? நிலம் அரசுக்கு உரியது. 1992 இலிருந்து நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில். தலைமுறைகளாக அங்கே வாழும் குடும்பத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லை. வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டவே அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் தூண் நடுவதற்கும் அனுமதி வேண்டும். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். வாசல்வரை பாதையும் தன் பெயரில் மீட்டரும் இருந்தால் அவர்களும் அக்காவின் நிலைக்கு வந்துவிடுவார்கள்.

நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களும் லக்ஷபான நிலையங்களும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 2012 இல் தலவாக்கலைப் பக்கம் திறக்கப்பட்ட 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டமும் இங்கேதான். அந்த மலைகளிலேயே ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பாக ஒரு பிளக் குத்த இடமில்லை. மின்சார வாகனம் என்றதும் பலரும் வரியையும் விலையையும் பற்றிப் பேசுகிறார்கள். பெருந்தோட்டத்தில் அது காணி உரிமைக் கேள்வியாகவும் இருக்கிறது. வரிச் சலுகை எவ்வளவு கொடுத்தாலும் சொந்தச் சுவர் இல்லாதவருக்கு அது போய்ச் சேராது.

நெருக்கடி வந்தால்?

இரண்டு தரப்பும் 2022 ஐ உதாரணம் காட்டும். அந்த ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். நம் வீதியில் அது 200 கிலோமீற்றர். கண்டிக்கு ஒரு தடவை போய்வந்தால் மிஞ்சுவது 20 கிலோமீற்றர்.

அதே வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டும் இருந்தது. மீதி 11 மணி நேரமும் வண்டி வீட்டில் நின்றிருந்தால் சாதாரண பிளக்கிலேயே 25 அலகு, அதாவது 125 கிலோமீற்றர் ஏறியிருக்கும். அந்த மோசமான நாட்களிலும் வரிசையில் நிற்காமல் ஓடியிருக்கலாம்.

பேரிடர் வேறு வகை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவில் நுவரெலியா மாவட்டத்தின் வீதிகள் துண்டிக்கப்பட்டன. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் இல்லை. அப்படியான நாட்களில் சார்ஜ் போட முடியாது. பெற்றோல் பவுசரும் மேலே வர முடியாது. எந்த வாகனமானாலும் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருக்கும் பழக்கம்தான் காப்பாற்றும். மின்சார வாகனத்தில் ஒரு கூடுதல் வசதி உண்டு. சில மொடல்களிலிருந்து வீட்டுச் சாதனங்களுக்கு மின்சாரம் எடுக்கலாம். பாதி நிரம்பிய பற்றரியில் உள்ள 25 அலகு, நாளுக்கு 3 அலகு என்று சிக்கனமாகப் பாவித்தால், விளக்கு, போன், சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு வாரம் வரும். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டிய நோயாளி இருக்கும் வீட்டுக்கு இது பெரிய விசயம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

பழைய நிசான் லீஃப் மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். 2015ஐ ஒட்டி ஆயிரக்கணக்கில் வந்த அந்தக் கார்களில் 24 அலகு பற்றரி. வயதாகி 70 வீதமாகக் குறைந்திருந்தால் மிஞ்சுவது 17 அலகு. எஸ்.யு.வி.யை விட எடை குறைந்த கார்தான். ஆனாலும் கண்டியிலிருந்து கந்தப்பளை ஏற 20 அலகுக்குக் கிட்ட வேண்டும். டவுன் ஓட்டத்துக்குச் சரி, மலை ஏற்றத்துக்குச் சரிவராது. பயன்படுத்திய எந்த மின்சார வாகனத்துக்கும் பற்றரி ஆரோக்கிய அறிக்கை பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

சார்ஜிங் துளையின் வகையையும் பாருங்கள். ஜப்பானிய பழைய கார்களில் சாடெமோ, ஐரோப்பிய முறையில் சி.சி.எஸ். 2, சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்ததில் ஜி.பி./டி. உங்கள் வழியில் இருக்கும் வேக சார்ஜரில் எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு உதவும். கண்டியில் ஒரு சார்ஜருக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பற்றரி உத்தரவாதம் பொதுவாக 8 வருடம் என்பார்கள். அது இலங்கை முகவர் எழுத்தில் தருவதா, வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் விளம்பரத்தில் மட்டும் இருப்பதா என்று கேளுங்கள். பெற்றோல் வாகனத்துக்கு எஞ்சின் கொள்ளளவையும், மின்சார வாகனத்துக்கு மோட்டார் வலுவையும் வைத்துத்தான் உற்பத்தி வரி கணிக்கப்படுகிறது. 2025 இல் மோட்டார் வலு பற்றிய சந்தேகத்தால் மின்சார வாகனங்கள் சுங்கத்தில் தடுக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆவணத்தில் உள்ள கிலோவாட்டும் வாகனத்தின் கிலோவாட்டும் ஒன்றா என்பதை வாங்குபவரும் பார்த்துக்கொள்வது நல்லது.

பற்றரி வண்டியின் அடியில் இருக்கும். தோட்டப் பாதையில் கல் தட்டும் இடங்கள் ஏராளம். கண்காட்சிக் கூடத்தைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது போதாது. விற்பனையாளர் சம்மதித்தால் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுப் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் வைத்து நான் சொன்னது இதுதான். அக்கா வீட்டுக்கு 50 அலகுக்குக் குறையாத பற்றரியோடு மின்சார எஸ்.யு.வி., விலை வித்தியாசம் 12 இலட்சத்தைத் தாண்டாவிட்டால். லயத்து வீட்டுக்கு இப்போதைக்கு ஹைபிரிட். அது கைக்கு எட்டாவிட்டால் டர்போ உள்ள சிறிய பெற்றோல் வாகனம். 3 கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கும் ஒரே குடும்பத்தின் இரண்டு வீடுகள். ஓட்டம் அதே அளவு. ஆனால் லயத்து வீடு கிலோமீற்றருக்கு 9 ரூபா முதல் 20 ரூபா வரை கூடுதலாகக் கொடுத்து ஓடப் போகிறது. காணி கையில் வரும்வரை அந்த வித்தியாசமும் அவர்களுடைய மாதச் செலவில் ஒன்றாக இருக்கும்.